ஆட்டுக்கொட்டகை நிறுத்தம்

ஆட்டுக்கொட்டகை நிறுத்தத்தில் வண்டி நின்றதும் முன்கதவு திறக்கும். அங்கே ஏறுவதற்கு யாரும் நிற்கமாட்டார்கள். இறங்குவதற்கும் ஆள் இருக்காது. ஜனவரி மாதமென்றால் குளிர் ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து, முன்னால் இருப்பவர்களின் காதைக் கடிக்கும். பின் இருக்கைப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் முணுமுணுத்தபடி மேல்கோட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிவப்புக் கொட்டகையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, "போலாம், ரைட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்துவார். கதவு மூடும்.

பல வருடங்களாக இதைப் பார்த்துவருகிறேன். புதிதாக ஏறுகிறவர்கள் ஏதோ சட்டம் என்று நினைப்பார்கள். இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரு சட்டம் உண்டு. ஆனால் அவர் விடுப்பில் போகும் நாட்களில் வேறு ஓட்டுநர்கள் அதே இடத்தில் கதவைத் திறக்காமலே நின்றுவிட்டுக் கிளம்புவார்கள். சட்டம் இல்லை, இவர் மட்டும்தான்.

அவர் பெயர் கருப்பசாமி. நியூ ஜெர்சியில் உள்ள ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் பேருந்து ஓட்டுகிறார். சட்டையில் குத்திய பெயர்ப்பட்டையில் 'சாமி' என்று மட்டும் இருக்கும். மேலதிகாரி 'சாம்' என்று கூப்பிடுவார்.

"சாமின்னாலும் வாரேன், சாம்னாலும் வாரேன். சம்பளம் கருப்பசாமிக்குத்தான வருது?" என்பார்.

மீசைக்கு மை பூசுவார். புருவத்துக்குப் பூச மறந்துவிடுவார். அதனால் முகத்தின் மேல்பாதிக்கு ஒரு வயது, கீழ்ப்பாதிக்கு ஒரு வயது. காலையில் இருக்கையில் ஏறியதும் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அது என்ன என்று ஒருமுறை மேலதிகாரி கேட்டாராம். "சேஃப்டி செக்" என்று பதில் சொல்லியிருக்கிறார். அவர் தலையாட்டிக் குறித்துக்கொண்டு போய்விட்டாராம்.

இங்கே வருவதற்கு முன் அருப்புக்கோட்டைக்கும் மதுரைக்கும் நடுவே தனியார் வண்டி ஓட்டியவர். அந்த வண்டி இன்னும் அவர் உடம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் வலது கட்டைவிரல் தானாக ஹாரனுக்குப் போகும். அழுத்தாது, மெதுவாகத் தட்டிவிட்டுத் திரும்பும். "இங்க ஹாரன் அடிச்சா எழவு விழுந்த மாதிரி எல்லாரும் திரும்பிப் பாக்குறாய்ங்க. அங்க அடிக்கலேன்னா மனுசன் மட்டுமில்ல, மாடுகூட நகராது" என்பார். நடத்துநர் இல்லாததால் 'ரைட்' சொல்லும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

என் இருக்கை அவருக்கு நேர் பின்னால். எட்டாம் வகுப்போடு நின்றுபோன ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு நிறுத்தத்தின் பெயரை வாசித்து இறங்க எனக்கு அப்போது தைரியம் இல்லை. ஆட்டுக்கொட்டகைக்கு அடுத்த நிறுத்தத்தில் மாணவர்களின் சாப்பாட்டுக்கூடம். அங்கே காய் நறுக்கும் வேலை எனக்கு. அங்கே வந்ததும் "எறங்கு தங்கச்சி" என்று அவர் சொல்வார். இப்போது எனக்கு நிறுத்தங்கள் எல்லாம் தெரியும். இருக்கையை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இருக்கையில் உட்கார்ந்து காதில் விழுந்ததுதான்.

முன்பெல்லாம் ஆகஸ்ட் மாதத்தில்தான் அவரைப் பார்க்க வேண்டும். ஊரிலிருந்து புதுப் பிள்ளைகள் வந்து இறங்கும் மாதம். தமிழ்ப் பிள்ளைகளை அவர் கண்டுபிடிக்கும் விதம் எளிது. இந்த வண்டிகளில் கட்டணம் கிடையாது. எல்லாரும் பேசாமல் ஏறிப் போய் உட்கார்ந்துவிடுவார்கள். நம் பிள்ளை மட்டும் கையில் ஒரு டாலரை நீட்டிப் பிடித்தபடி படியேறி, நடத்துநரைத் தேடும்.

"காச உள்ள வை தாயி. இங்க டிக்கெட்டு கெடையாது. அதெல்லாம் ஃபீஸுலயே புடிச்சிருப்பாய்ங்க."

அந்தப் பிள்ளை திகைத்துப்போய், "அங்கிள், நீங்க தமிழா?" என்று கேட்கும்.

"இல்ல, சீனாக்காரன். உக்காரு. ஓவர்வியூ தாரேன்."

'ஓவர்வியூ' என்பது அவர் வைத்த பெயர் இல்லை. சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோர்களும் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்க வருவார்கள். மூத்த மாணவர்கள் அவர்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்துகொண்டு விளக்கம் சொல்வார்கள்; அதற்குத்தான் அந்தப் பெயர். தூரமான இடங்களுக்கு இவருடைய வண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். அவர்கள் சொல்வதை வாராவாரம் கேட்டுக் கேட்டு, அதைத் தன் பாஷைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

"இத ஒரு காலேஜுன்னு நெனைக்காத. நாலு ஊரு. நடுவுல ஆறு. இங்கிட்டு இருக்கறது பழைய ஊரு. சரித்திரம், இங்கிலீசு, சட்டம் படிக்கிறவுக. பாலத்தத் தாண்டுனா கணக்கு, கம்ப்யூட்டரு, இன்ஜினியரிங்கு. நம்மாளு பூராம் அங்கதான் கெடப்பாய்ங்க. அதுக்கும் அங்கிட்டு பந்து வெளையாடுற மைதானம். மேட்ச் அன்னைக்கு வண்டி வேற பாதையில போகும், கேட்டுக்கிட்டு ஏறு. இல்லேன்னா ஆத்துக்கு அந்தக் கரையில நின்னு அழுவ. தெக்கால போனா பண்ணை. மாடு, ஆடு, குதிரை, தேனீ, தக்காளி."

"யூனிவர்சிட்டில குதிரையா?"

"குதிரைக்கு டிரெட்மில்லு இருக்கு. மூக்குல கொழாய மாட்டி ஓடவிட்டு மூச்ச அளப்பாய்ங்க. இன்னொண்ணு கேளு. உன் வீட்டு மண்ண ஒரு பையில போட்டுக் குடுத்தா, அதுல என்ன கொறையுதுன்னு சொல்லிருவாய்ங்க. எங்கக்கா வீட்டுக் கருவேப்பில வாடுனப்ப நாந்தேன் மண்ணு கொண்டாந்து குடுத்தேன்."

"பொழைச்சுதா அங்கிள்?"

"இல்ல. மண்ணு நல்ல மண்ணுன்னு எழுதி வந்துச்சு. குளிருல வெளிய வச்சது எங்கக்கா."

பாலத்துக்கு முன்னால் ஒரு வெண்கலச் சிலை வரும். "இவருதான் நெலம் குடுத்தவரு" என்று கை காட்டுவார். சபரி என்று ஒரு மாணவன், நாமக்கல்லில் இருந்து ஆராய்ச்சி படிக்க வந்தவன், பல வருடங்களாக இந்த வண்டியில் வருகிறவன். அவன் சிரித்துக்கொண்டே திருத்துவான். "அங்கிள், அவரு யாரோ ஒரு பழைய பாதிரியாரு. நெலம் குடுத்தது கவர்மென்ட்."

"இருக்கட்டும்டா. நெலம் குடுத்த மாதிரிதான நிக்கிறாரு?"

அடுத்த நாளும் அப்படித்தான் சொல்வார். ஆனால் நிலத்தின் கதையைச் சரியாகத் தெரிந்துவைத்திருந்தார். "அந்தக் காலத்துல இந்த நாட்டுக்குள்ளயே சண்டை. அந்தச் சண்டைக்கு நடுவுல ஒரு சட்டம் போட்டுருக்காக. ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் இம்புட்டு நெலம். வித்துக்க, அந்தக் காசுல காலேஜ் கட்டு. ஒரு கண்டிஷன். சம்சாரி மகனும் பட்டறக்காரன் மகனும் உள்ள வரணும். வெவசாயமும் மிஷினும் சொல்லிக்குடுக்கணும். அதான் இங்க ஒரு பக்கம் ராக்கெட்டு, ஒரு பக்கம் சாணி."

தீக்ஷா என்று இங்கேயே பிறந்த பெண் ஒருத்தி. தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். ஒருநாள் காதில் இருந்த இயர்போனைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்: "ஹூஸ் லேண்ட் வாஸ் இட், அங்கிள்?"

"யாரு நெலமா? கவர்மென்ட் நெலம்."

"பிஃபோர் தட்?"

அவர் பாலத்தைத் தாண்டி, நூலகத்தைத் தாண்டி, அவள் இறங்கும்வரை யோசித்துக்கொண்டே ஓட்டினார். அடுத்த வருடத்து ஓவர்வியூவில் ஒரு வரி கூடியிருந்தது. "அந்த நெலத்துல முன்னாடி ஆளுக இருந்துருக்காக. அவுகள வெரட்டிட்டுத்தான் குடுத்துருக்காக. அதையும் சொல்லிப்புடணும்ல."

பிள்ளைகள் ஒரு வாரம், இரண்டு வாரம் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பேசுவார்கள். அப்புறம் வண்டிகளின் நேரம் கைபேசியில் தெரிந்துவிடும், நண்பர்கள் கிடைத்துவிடுவார்கள். கடைசி வரிசைக்குப் போய்விடுவார்கள். இறங்கும்போது பின்கதவு வழியாக இறங்கிப் போவார்கள். அவர் கண்ணாடியில் பார்த்து, அவர்கள் இருவரும் மூவருமாகச் சிரித்துப் போவது தெரிந்த பிறகுதான் கதவை மூடுவார்.

அவர் குடியிருப்பது ஒரு குஜராத்திக்காரர் வீட்டின் கீழ்த்தளத்தில். ஒரே ஒரு சன்னல், தரை மட்டத்தில். "போறவுக வாறவுக காலு மட்டுந்தேன் தெரியும். செருப்பப் பாத்தே இன்னாருன்னு சொல்லிருவேன்" என்று சொல்லிச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை வைக்கும் கறிக்குழம்பு வியாழன் வரை வரும். மதிய இடைவேளையில் மற்ற ஓட்டுநர்கள் ஓய்வறையில் சேர்ந்து சாப்பிடுவார்கள். இவர் வண்டியிலேயே, பயணிகள் இருக்கையில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார். ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தபடி சாப்பிடுவார்.

அக்கா பிரிட்ஜ்வாட்டரில் இருக்கிறார். செவிலியாக வந்து வீடு வாங்கி, பிள்ளைகளை டாக்டராக்கியவர். பொங்கல், தீபாவளிக்கு அங்கே போக வேண்டும் என்றால் அத்தான் கார் கொண்டுவர வேண்டும். "பஸ்ஸு ஓட்டுறவன் போறதுக்குப் பஸ்ஸு இல்லாத ஊரு" என்பார். அங்கே கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது யாராவது கேட்பார்களாம்.

"எங்க வொர்க் பண்றீங்க?"

"யூனிவர்சிட்டில."

"ஓ, நைஸ். எந்த டிபார்ட்மென்ட்?"

"எல்லா டிபார்ட்மென்ட்டுக்கும் போவேன்."

கேட்டவர் முதலில் சிரிப்பார். பிறகு புரியும். புளியோதரை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். இதை எனக்குச் சொன்னபோது கருப்பசாமியும் சிரித்தார். சிரித்து முடித்து, வரவேண்டிய வளைவுக்கு முன்பே ஹாரனைத் தட்டினார்.

அவர் தனியாக வரவேண்டியவர் இல்லை. தம்பியையும் குடும்பத்தையும் கூப்பிட்டுக்கொள்ள அக்கா குடியேற்ற மனு போட்டபோது மகள் வள்ளி தொடக்கப்பள்ளியில் இருந்தாள். வரிசை மெதுவாக நகர்ந்தது. அவள் பள்ளி முடித்தாள். பால் பதப்படுத்தும் படிப்பு முடித்தாள். கடிதம் வந்தபோது, பிள்ளை என்று கூட வருவதற்கான வயதைத் தாண்டியிருந்தாள். ஏதேதோ கணக்குப் போட்டுக் கழித்துப் பார்த்தும் சில மாதங்கள் இடித்தன. அப்பாவும் அம்மாவும் போகலாம், மகள் போகக்கூடாது என்று தீர்ந்தது. மனைவி மாரீஸ்வரி, "கொமரிப் புள்ளைய இங்க தனியா விட்டுட்டு நான் எங்கிட்டு வர? நீங்க போய்ப் பேப்பரப் போட்டு அவளக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டார். கோவிட்டுக்கு முந்தைய வருடம் கருப்பசாமி மட்டும் வந்தார். வந்த மறுமாதமே மகளுக்காகப் புது மனு போட்டார். புது வரிசை. அந்த வரிசையில் நிற்க ஒரு நிபந்தனை உண்டு. அவள் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது.

கதவின் கதை அப்போது தொடங்கியதுதான். ஆட்டுக்கொட்டகைதான் பாதையின் கடைசி. அங்கே வண்டி சற்று நின்று திரும்ப வேண்டும். நமக்குக் காலை, அங்கே மாலை. வள்ளி மதுரையில் ஒரு பால் நிறுவனத்தின் சோதனைக்கூடத்தில் வேலை முடித்து வீட்டுக்கு வந்திருப்பாள். அவர் கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். ஒரு நாள், வண்டி எங்கே நிற்கிறது என்று மாரீஸ்வரி கேட்டிருக்கிறார். ஆட்டுக்கொட்டகையில் என்று இவர் சொல்ல, "அமெரிக்காவுல, காலேஜுக்குள்ள, ஆடு? பொய் சொல்லுறதுக்கும் ஒரு அளவு வேணும்ங்க" என்று அவர் சொல்லிவிட்டார். இவர் கதவைத் திறந்து, படியில் இறங்கி, கைபேசியை வேலிப் பக்கமாக நீட்டினார். அன்றைக்கென்று ஓர் ஆடும் வாயைத் திறக்கவில்லை. "மே... மே..." என்று இவரே கத்திப் பார்த்தார். அந்தப் பக்கம் அம்மாவும் மகளும் சிரித்த சிரிப்பு வண்டி முழுக்கக் கேட்டது. நான் அப்போது புது ஆள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். மறுநாள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே கூப்பிட்டார். ஆடுகள் கத்தின. அன்று முதல் வள்ளி பேச ஆரம்பிக்கும் முன் கதவு திறந்தாக வேண்டும்.

வரிசை நகரவில்லை. அதனால் வேறு வழி பார்க்க அவளுக்குத் தோன்றியது. இந்தப் பல்கலைக்கழகத்திலேயே, இதே பண்ணை வளாகத்தில், பாலில் வளரும் கிருமிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்தாள். இடம் கிடைத்தது, படிப்புக்கு உதவித்தொகையும் கிடைத்தது. அந்த வாரம் கருப்பசாமி ஏறிய அத்தனை பேருக்கும் கடலைமிட்டாய் கொடுத்தார். என்ன விசேஷம் என்று தெரியாமல் சீனத்துப் பிள்ளைகளும் வாங்கித் தின்றார்கள். ஆட்டுக்கொட்டகைக்கு எதிரே இருக்கும் இரண்டு மாடிக் கட்டடத்தைக் காட்டி, "மேல் மாடி, மூணாவது சன்னல். அங்கதான் எம்மக உக்காரப்போறா" என்றார்.

மிச்சம் இருந்தது சென்னையில் விசா நேர்காணல். அதற்கு எல்லாரும் ஒத்திகை பார்ப்பார்கள். சபரி வண்டியில் உட்கார்ந்து பாடம் எடுத்தான். "அங்கிள், கண்டிப்பா ஒரு கேள்வி கேப்பாங்க. ஏன் இந்த யூனிவர்சிட்டி? எல்லாரும் வெப்சைட்ல இருக்கறத மனப்பாடம் பண்ணிட்டுப் போய்ச் சொல்வாங்க. அவங்களுக்குச் சலிச்சுப்போயிருக்கும்."

"எம்மக எதுக்கு வெப்சைட்டப் படிக்கணும்?" என்றார் கருப்பசாமி.

தினமும் காலையில், கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, அவளிடம் ஓவர்வியூ கேட்டார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அவள் இந்த மண்ணில் கால் வைத்ததில்லை. ஆனால் நிலத்துச் சட்டத்தில் ஆரம்பித்து, பாலம், நூலகம், குதிரை, தேனீ, மண் சோதனை என்று ஒவ்வொரு நிறுத்தமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வருவாள். சிலையைப் பற்றி அவள் சரியாகச் சொல்வாள். இவர் தவறாகத் திருத்துவார்.

நேர்காணல் ஜூன் மாதத்தில் நடந்தது. அன்று மாலை அவளுக்கு, நமக்குக் காலை. கதவு திறந்திருந்தது. ஆடுகள் வெயிலில் நின்றிருந்தன.

"என்னாச்சு தாயி?"

"குடுக்கலப்பா."

சண்டைக்காரர்போல யாரும் பேசவில்லையாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டார். இவள் சொன்னாள். அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாராம், சிரித்தாராம். வண்டி எங்கே திரும்பும், எந்தச் சன்னலுக்கு எதிரே கொட்டகை இருக்கும் என்றெல்லாம் இவள் சொல்லவும், "நீ அங்கே போயிருக்கிறாயா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "பிறகு எப்படித் தெரியும்?" அப்பா அங்கே பேருந்து ஓட்டுகிறார் என்றாள். அவர் கணினித் திரையைத் திரும்பிப் பார்த்தார். அப்பா போட்ட மனு அங்கே இருந்தது. "உன் அப்பா உன்னை அங்கேயே குடியமர்த்தக் கேட்டிருக்கிறார். நீ படித்துவிட்டுத் திரும்பி வருவேன் என்கிறாய், எப்படி நம்புவது?" என்று சொல்லி, ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அடுத்த வருடமும் இதே பதில்தான் வரும் என்று வெளியே தரகர்கள் சொன்னார்கள்.

மறுநாள் சபரி சமாதானம் சொல்ல வந்தான். "அங்கிள், மனு விஷயம் ஃபார்ம்லயே இருக்கு. வள்ளி ஒண்ணுமே பேசாம நின்னிருந்தாலும் ரிஜெக்ட்தான். ஓவர்வியூனால இல்ல."

"மனுப் போட்டது யாரு?"

"நீங்கதான்."

"ஓவர்வியூ சொல்லிக்குடுத்தது?"

சபரி புத்தகப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"ரெண்டும் நாந்தேன? பெறகு என்னத்துக்குடா வக்காலத்து வாங்குற?"

சிட்டிசன் ஆகிவிட்டால் கல்யாணம் ஆன மகளுக்கும் மனுப் போடலாம் என்று சபரி சொன்னான். "அது எம்புட்டு வருஷம்?" என்று கேட்டார். பத்து, பதினைந்து ஆகலாம் என்றான். "எனக்கு வரிசையில நிக்கத் தெரியும். அவள எத்தன வரிசையில நிறுத்துவேன்?" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அந்த ஆகஸ்டில் ஓவர்வியூ நின்றது. பிள்ளைகள் டாலரை நீட்டிக்கொண்டு ஏறினார்கள். "காச உள்ள வை" என்று மட்டும் சொன்னார். நிறுத்தங்களின் பெயரை, பதிவுசெய்து வைத்த ஒரு பெண்ணின் ஆங்கிலக் குரல் சொன்னது. இத்தனை வருடமும் அந்தக் குரல் இருந்திருக்கிறது. இவர் பேச்சில் நான் அதைக் கேட்டதே இல்லை. ஆட்டுக்கொட்டகையில் கதவும் திறக்கவில்லை. வள்ளியோடு பேசினார். சாப்பிட்டாயா, மழையா, அம்மா எங்கே. மூடிய வண்டிக்குள் அவ்வளவுதான் பேச்சு இருந்தது.

போன வருடம் மே மாதம். அன்று நானும் பின்னால் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பையனும் மட்டும் இருந்தோம்.

"அப்பா, வண்டி நிக்குதா?"

"நிக்குது தாயி."

"ஆட்டுச் சத்தமே கேக்கல? ரொம்ப நாளாச்சு."

"கதவு சாத்திருக்கு. குளிரு."

"மே மாசம் என்னப்பா குளிரு?"

அவர் பொத்தானை அழுத்தினார். குட்டி போட்டிருந்த சமயம், கொட்டகையே கத்தியது.

"ம். இப்பக் கேக்குது," என்றாள். பிறகு, "அம்மா சொன்னாகளாப்பா?"

"சொன்னா. திருமங்கலத்துப் பையன்."

"இனியன்னு பேரு. ஸ்கூல்ல வாத்தியாரு. ரெண்டு தடவ பேசுனேன். பேச விட்டுக் கேக்குறாரு. எனக்குச் சரின்னுதான் படுது." குட்டிகள் கத்தின. "ஆனா நான் கல்யாணம் பண்ணுனா நீங்க போட்ட மனு போயிரும்லப்பா."

"அதுவாப் போயிரும். எடுக்கணும்னுகூட இல்ல."

"இன்னும் எம்புட்டு வருஷம்னு சொல்லுங்க. இருக்கச் சொன்னா இருப்பேன்ப்பா. நெசமாத்தான் சொல்லுறேன். நீங்க சொல்லுங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. இருபத்தொன்பது வயதுப் பெண் பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல அனுமதி கேட்டுக்கொண்டிருந்தாள். கருப்பசாமியின் கட்டைவிரல் ஹாரனைத் தட்டிக்கொண்டிருந்தது. நிற்கிற வண்டியில் அவர் அப்படித் தட்டி நான் பார்த்ததில்லை. எதிரே மேல் மாடியில் மூன்றாவது சன்னலில் யாரோ ஒரு பெண் வெள்ளைக் கோட்டுடன் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவ நாளு பாக்கச் சொல்லு," என்றார். "ஆவணில நல்ல நாளு இருக்கான்னு பாக்கச் சொல்லு. இங்க லீவு வேணும்னா முன்னாடியே எழுதிக் குடுக்கணும்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"சரிப்பா," என்றாள். "வண்டிய எடுங்கப்பா. அடுத்த ஸ்டாப்பு சாப்பாட்டுக்கூடம். பின்னாடி இருக்கற அக்காவுக்கு லேட்டாயிரும்."

நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆவணியில் போய்க் கல்யாணத்தை நடத்திவிட்டு வந்தார். கைபேசியில் படம் காட்டினார். மாலையும் கழுத்துமாக வள்ளி; பக்கத்தில் கண்ணாடி போட்ட மாப்பிள்ளை; ஓரத்தில், பட்டு வேட்டியில், வண்டி ஓட்டாத கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இவர். இனி மாரீஸ்வரியாவது வரலாமே என்று கேட்டேன். நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். "கூப்பிட்டேன் தங்கச்சி. அங்க வந்து என்னத்தப் பாக்க, ஆட்டையான்னு கேக்குறா" என்றார்.

வள்ளி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுகிறாள். மற்ற நாள் மாலைகளில் அவளுக்குப் புகுந்த வீட்டில் வேலை இருக்கும். ஞாயிறன்று இவருக்கு வண்டி இல்லை. கீழ்த்தளத்தில் குழம்பு வைத்துக்கொண்டே பேசுவாராம்.

இங்கே ஒவ்வொரு பருவம் தொடங்கும்போதும் ஓட்டுநர்கள் தங்கள் பாதையைத் தேர்ந்தெடுப்பார்கள். வேலையில் மூத்தவருக்கு முதல் வாய்ப்பு. கருப்பசாமிக்கு முன் இப்போது நாலைந்து பேர்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகும் பாதை நல்ல பாதை. புது வண்டி, நேரான சாலை. பண்ணைப் பாதையை யாரும் கேட்கமாட்டார்கள், பழைய வண்டி, சாணி வாடை. இந்த முறையாவது மாறிக்கொள் சாம் என்று மற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர் பண்ணைப் பாதையில்தான் கையெழுத்துப் போட்டார்.

இன்று காலை கடுங்குளிர். புதிதாக வந்த ஒரு பெண் டாலரை நீட்டிக்கொண்டு ஏறினாள். "காச உள்ள வை தாயி" என்றார். அவள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆட்டுக்கொட்டகையில் வண்டி நின்றது. கைபேசி சட்டைப்பையில் இருந்தது. முன்கதவு திறந்தது. ஆடுகளை உள்ளே அடைத்திருந்தார்கள்; சத்தமே இல்லை. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "போலாம், ரைட்" என்று சொல்லிக் கதவை மூடினார்.